பகிர்வு வழங்கியும் போடி மலைப்பாதையும்: மெதுவாகும் தளங்களின் வரலாறு

ஓர் இணையதளத்தைத் திறந்தால் பக்கம் வந்து சேர எட்டு நொடி, பத்து நொடி ஆகிறது. தளத்தின் சொந்தக்காரர் முதலில் குறை சொல்வது ஹோஸ்டிங் நிறுவனத்தைத்தான். அடுத்து கூடுதல் பணம் கட்டி வேறு நிறுவனத்துக்கு மாறுவார். ஒரு வாரம் வேகமாக இருப்பது போலத் தெரியும். பிறகு பழைய கதைதான். பணமும் போய், வந்த வாசகர்களும் போய்விடுவார்கள்.

இதில் பெரும்பாலும் சம்பந்தப்படுவது இரண்டு பொருட்கள். ஒன்று, ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு வழங்கி, அதாவது ஷேர்டு ஹோஸ்டிங். இன்னொன்று, வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். இவை இரண்டும் சேர்ந்தால் ஏன் மெதுவாகின்றன? இந்தக் கேள்விக்குக் கணினி உலகில் அறுபது ஆண்டு வரலாறு உண்டு. கணினிக்கு வெளியே அதைவிடப் பழைய வரலாறும் உண்டு. தேனி மாவட்டத்தில், ஏலக்காய் மலையின் அடிவாரத்தில் இருக்கும் போடிநாயக்கனூர் அதற்கு நல்ல உதாரணம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் பாதை, பலர் சேர்ந்து உட்காரும் ஏல அரங்கு, பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினி என்று மூன்றையும் பார்த்த ஊர் அது. அங்கிருந்தே தொடங்கலாம்.

மலையிலிருந்து இறங்கிய சரக்கு

போடிக்கு மேற்கே செங்குத்தாக எழும் மலையில் ஏலக்காய், காபி, மிளகுத் தோட்டங்கள் இருக்கின்றன. அதற்கு வடக்கே மூணாறு பக்கத்தில் தேயிலைத் தோட்டங்கள். மேலே விளைவதைக் கீழே கொண்டுவருவதுதான் எப்போதும் பெரிய பிரச்சினை.

மூணாறு தேயிலைக்காக 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று அமைக்கப்பட்டது. 1908-ல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் என்ற மலைமுகடு வரை ரயில். அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வே வழியாகத் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் மாட்டுவண்டிப் பயணம்.

இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரயில் எவ்வளவு வேகமாகப் பெட்டிகளைக் கொண்டுவந்து குவித்தாலும், ரோப்வே ஒரு நேரத்தில் எத்தனை பெட்டிகளைத் தாங்குமோ அத்தனைதான் கீழே வரும். ரோப்வே எவ்வளவு வேகமாக இறக்கினாலும், மாட்டுவண்டிகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனைதான் போடி போய்ச் சேரும். மேலே இன்னொரு ரயில் எஞ்சின் வாங்கிப் போட்டால் கீழே வேகம் கூடாது. டாப் ஸ்டேஷனில் பெட்டிகளின் குவியல்தான் கூடும்.

1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் குண்டளை ரயில் அழிந்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அதாவது, மேலே ரயில் இருந்தபோது கீழே ரயில் இல்லை. கீழே ரயில் வந்தபோது மேலே ரயில் இல்லை. கீழே வந்த ரயிலும் இரண்டாம் உலகப்போரின்போது 1942-ல் நிறுத்தப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மறுபடி நின்ற ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலமெல்லாம் சுமையைத் தாங்கியது போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுச் சாலைதான். தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப், சுற்றுலா வேன், பஸ், சரக்கு லாரி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாலை. ஒரு வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றால், அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஐம்பது வண்டிகள் பின்னால் நிற்கும். பகிர்வு வழங்கியில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஏல அரங்கில் கணினி

ஏலக்காய் விற்பனையை ஒழுங்குபடுத்த 1966-ல் ஏலக்காய் வாரியம் அமைக்கப்பட்டது. 1987 பிப்ரவரியில் அது நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஒரு பகுதியானது. உரிமம் பெற்ற ஏலதாரர்கள் விவசாயிகளின் காயைத் திரட்டி, வியாபாரிகள் கூடும் அரங்கில் ஏலம் விடுவார்கள். காயின் பருமன், பச்சை நிறம், லிட்டர் எடை ஆகியவற்றைப் பார்த்து வியாபாரிகள் வாயால் விலை கேட்பார்கள். யார் கேட்கிறார்கள் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். பெரிய வியாபாரி ஒருவர் கேட்டால் சிறியவர் விட்டுக்கொடுக்கவும், சிலர் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவும் அதில் வழி இருந்தது.

2007-ல் மின்னணு ஏலம் அறிமுகமானது. போடியிலும், மலைக்கு அந்தப்புறம் இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டிலும் அரங்குகளில் கணினிகள் வைக்கப்பட்டன. இடுக்கி ஏலம் பின்னர் புத்தடியில் உள்ள ஸ்பைசஸ் பார்க்குக்கு மாறியது. வியாபாரி தன் மேசையில் இருந்தபடி விலையை ஏற்றுவார். திரையில் விலை தெரியும். கேட்டவர் யார் என்பது தெரியாது. வேகத்தைவிட, வெளிப்படையான நியாயமான விலைதான் இந்த மாற்றத்தின் முக்கிய நோக்கமாகச் சொல்லப்பட்டது.

ஆனால் வேகம் என்ற கோணத்திலும் இதைப் பார்க்கலாம். ஒரு காய் செடியிலிருந்து பறிக்கப்பட்டுப் பணமாக மாற எத்தனை கட்டங்கள்? பறிக்க வேண்டும். உலர் கூடத்தில் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க வைத்துக் காயவைக்க வேண்டும். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். பிறகு காம்பு நீக்கி, சலித்து, தரம் பிரித்து, ஏலதாரரிடம் சேர்க்க வேண்டும். அவர் குவியல் குவியலாகப் பிரித்து எண் போட்டு, மாதிரி எடுத்து வியாபாரிகளுக்குக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் ஏலம். அதன் பிறகு பணம் வரவேண்டும். இத்தனையிலும் ஒரு குவியலின் ஏலம் எடுத்துக்கொள்வது சில நொடிகள், அதிகம் போனால் ஒரு நிமிடம். கணினி வேகமாக்கியது அந்தச் சில நொடிகளை மட்டுமே. உலர் கூடத்தின் ஒரு நாளை எந்தக் கணினியாலும் குறைக்க முடியாது.

அந்தச் சில நொடிகள் முக்கியமில்லை என்று அர்த்தமல்ல. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு குவியலுக்குக் கிடைக்கும் கடைசி விலை ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே தீர்மானிக்கும். ஆக, எந்த நொடி மதிப்புள்ளது, எந்த நொடி மதிப்பில்லாதது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

இதில் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. நேரம் பிடிக்கும் வேலையான மாதிரி பார்ப்பது ஏலத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு வியாபாரியும் எழுந்து போய்ச் சாக்கைப் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் ஒரு நாளில் பத்துக் குவியல்கூட முடியாது. கனமான வேலையை முன்கூட்டியே முடித்து வைப்பது என்ற இந்த யோசனையை இணைய உலகம் வேறொரு பெயரில் கண்டுபிடித்தது. அதைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு கணினி, பல பேர்

கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வரலாறு 1950-களின் இறுதியில் தொடங்குகிறது. அப்போது ஒரு கணினியின் விலை ஒரு பெரிய கட்டடத்தின் விலை. துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் போய் விடையை வாங்க வேண்டும். 1963-ல் ஐ.ஐ.டி. கான்பூருக்கு வந்த ஐ.பி.எம். 1620, 1973-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு வந்த ஐ.பி.எம். 370 ஆகியவற்றைப் பயன்படுத்திய மாணவர்களுக்கு இந்த அட்டைகள் நன்றாகவே தெரியும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 1959-ல் ஒரு யோசனை சொன்னார். கணினி ஒருவருக்குச் சில கணங்கள், அடுத்தவருக்குச் சில கணங்கள் என்று மாறி மாறி வேலை செய்தால், ஒவ்வொருவருக்கும் கணினி தனக்கே சொந்தம் என்று தோன்றும். பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு 1961 நவம்பரில் இதைச் செய்து காட்டியது. சி.டி.எஸ்.எஸ். என்பது அந்த அமைப்பின் பெயர். இன்றைய பகிர்வு வழங்கிக்கு அதுவே மூதாதை.

பகிர்வின் தொல்லைகளும் அதோடு சேர்ந்தே பிறந்தன. 1960-களில் ஒருநாள் சி.டி.எஸ்.எஸ்.-இல் நுழைந்த அனைவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் திரையில் வந்தன. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தியபோது, இருவரின் தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயர் இருந்ததால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் வேலை நம் வீட்டில் வந்து விழும் என்பதற்கு முதல் எச்சரிக்கை அது.

இரண்டாவது எச்சரிக்கையைத் தந்தவர் பீட்டர் டென்னிங். நினைவகத்தில் அளவுக்கு மீறி நிரல்களைத் திணித்தால், கணினி வேலை செய்வதை விட்டுவிட்டு, நினைவகத்திலிருந்து வட்டுக்கும் வட்டிலிருந்து நினைவகத்துக்கும் தரவை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருக்கும் என்று 1968-ல் அவர் விளக்கினார். இதில் முக்கியமான செய்தி, வேகம் படிப்படியாகக் குறையாது என்பதுதான். ஓர் எல்லை வரை நன்றாக ஓடி, அதைத் தாண்டியதும் திடீரென்று படுத்துவிடும்.

இந்தத் திடீர் சரிவுக்குக் கணக்கும் உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1909-லேயே தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்கு இது: ஒரு வேலைக்குச் சராசரியாக ஒரு நொடி ஆகிறது, ஆட்கள் ஒழுங்கின்றி வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கொள்வோம். கணினி 50 சதவீத நேரம் வேலையாக இருந்தால், புதிதாக வருபவர் வரிசையில் சராசரியாக 1 நொடி காத்திருப்பார். 80 சதவீதம் என்றால் 4 நொடி. 90 சதவீதம் என்றால் 9 நொடி. 95 சதவீதம் என்றால் 19 நொடி. கூட்டம் கொஞ்சம்தான் கூடியது, காத்திருப்பு மட்டும் பல மடங்கானது. காலையில் நன்றாக இருந்த தளம் மாலையில் முடங்குவதற்கும், விடுமுறை நாளில் போடிமெட்டுச் சாலை திணறுவதற்கும் இதே கணக்குதான்.

ஒரு முகவரி, பல தளங்கள்

1991-ல் டிம் பெர்னர்ஸ் லீ உலகுக்குக் கொடுத்த வலையில், உலாவி வழங்கியிடம் "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று மட்டுமே கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. அதனால் ஒரே ஐ.பி. முகவரியில் இரண்டு தளங்களை வைக்க இயலவில்லை. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, கேட்கும்போதே தளத்தின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இந்த ஒரு வரி மாற்றத்தால் ஒரே முகவரியில், ஒரே கணினியில் ஆயிரம் தளங்களைக்கூட வைக்க முடிந்தது. வாடகை மளமளவென்று இறங்கியது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது. அக்காலத் தமிழ்ப் பக்கங்கள் பல ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில்தான் இருந்தன. சொந்த டொமைன் என்பது சிலருக்கே கட்டுபடியான செலவாக இருந்தது. பகிர்வு வழங்கி வந்த பிறகு, ஒரு மாணவர் தன் கைச்செலவுப் பணத்தில் ஒரு தளத்தை நடத்த முடிந்தது. இந்த நன்மையை மறந்துவிட்டு அதன் மெதுவை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

அந்தக் காலப் பக்கங்கள் பெரும்பாலும் எழுதி வைத்த கோப்புகள். வழங்கி கோப்பை எடுத்துக் கொடுத்தால் போதும்; அதில் ஆயிரம் தளங்கள் இருந்தாலும் பெரிய சிரமமில்லை. நிலைமை மாறியது பக்கங்களைக் கேட்கும்போது சமைக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு.

சமைத்து வைத்த பக்கமும் சுடச்சுடச் சமைக்கும் பக்கமும்

பி.எச்.பி. மொழியும் மை எஸ்.கியூ.எல். தரவுத்தளமும் 1995-ல் வந்தவை. துருபல் 2001 ஜனவரியிலும், மூவபிள் டைப் 2001 அக்டோபரிலும் வெளியாயின. வேர்ட்பிரஸ் 2003 மே 27 அன்று வெளியானது. 2005-ல் மாம்போவிலிருந்து பிரிந்து ஜூம்லா வந்தது.

இவற்றுள் மூவபிள் டைப்பின் வழி தனி. புதுப் பதிவு எழுதும்போதே எல்லாப் பக்கங்களையும் சமைத்துக் கோப்பாக வைத்துவிடும். வாசகருக்கு வேகம், எழுதுபவருக்குத்தான் காத்திருப்பு. வேர்ட்பிரஸ் இதற்கு நேர் எதிர். பதிவு உடனே வெளியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு வாசகர் வரும்போதும் தரவுத்தளத்தை இருபது முப்பது முறை கேட்டுப் பக்கத்தைப் புதிதாகச் சமைக்கும். 2004 மே மாதம் மூவபிள் டைப் தன் உரிமக் கட்டணத்தை மாற்றியபோது ஏராளமானோர் வேர்ட்பிரஸுக்கு வந்தார்கள். எழுதுபவரின் காத்திருப்பு வாசகருக்கு மாறியது. நெரிசல் தீரவில்லை, இடம் மாறியது.

மூவபிள் டைப்புக்கும் வேறு வழியில் நெரிசல் வந்தது. எரிதக் குப்பையாக வந்து குவிந்த மறுமொழிகள் ஒவ்வொன்றும் பக்கங்களை மறுபடி சமைக்க வைத்தன. 2004 வாக்கில் சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் மறுமொழிப் பெட்டியையே மூடும் அளவுக்குப் பகிர்வு வழங்கிகள் திணறின. ஒரு தளத்துக்கு வந்த குப்பையால் பக்கத்துத் தளங்களும் படுத்தன.

பெரிய தளங்களுக்கும் இதே பாடம்தான். விக்கிப்பீடியா 2002 ஜனவரியில் பி.எச்.பி. மென்பொருளுக்கு மாறியது. வருகை கூடியதும் அது தாங்காமல், லீ டேனியல் குரோக்கர் திருத்தி எழுதிய பதிப்பு அதே ஆண்டு ஜூலையில் வந்தது. அதுவும் போதவில்லை. 2004-ல், சமைத்த பக்கங்களை முன்வாசலிலேயே வைத்துக் கொடுக்கும் ஸ்குவிட் வழங்கிகள் வைக்கப்பட்ட பிறகே மூச்சு விட முடிந்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே கூட்டு அமைப்பின் பயனைப் பெற்றது. லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003-ல் மெம்கேஷ்டு என்ற மென்பொருளை எழுதினார். அடிக்கடி கேட்கப்படும் விடைகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தரவுத்தளத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே அதன் வேலை. வேர்ட்பிரஸுக்கு 2007-ல் சூப்பர் கேஷ் என்ற நீட்சி வந்தது. அது செய்வது, மூவபிள் டைப் செய்ததைத்தான்: சமைத்த பக்கத்தைக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வது.

மாதிரியை ஏலத்துக்கு முன்பே கொடுத்துவிடும் போடி ஏற்பாட்டுக்கு இணைய உலகம் வைத்த பெயர் கேஷ். ஏற்கனவே செய்த வேலையைத் திரும்பச் செய்யாதே என்பதுதான் அதன் சாரம்.

தமிழ்த் தளங்களின் கூடுதல் சுமை

தமிழ்த் தளங்களுக்குச் சில தனிச் சிரமங்கள் இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் எழுத்துருவையே பக்கத்தோடு தரவிறக்க வேண்டியிருந்தது. தொலைபேசி வழி இணைப்பில் எழுத்துரு வந்து சேரும் வரை திரையில் புரியாத குறிகள்தான் தெரியும்.

யூனிகோடு அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு தேவை. உயிர்மெய் என்றால் மெய்க்கு 3, உயிர்க்குறிக்கு 3. "போடிநாயக்கனூர்" என்று எழுத 14 குறிகள், 42 பைட்டுகள். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 13 பைட்டுகள்தான். இதற்கும் மருந்து இருந்தது. வழங்கியிலேயே பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜிஸிப் வசதியை இயக்கினால், திரும்பத் திரும்ப வரும் தமிழ்க் குறிகள் நன்றாகவே சுருங்கிவிடும். பல பகிர்வு வழங்கிகளில் அந்த வசதி இருந்தும் இயக்கப்படாமலேயே கிடந்தது.

2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வந்த பிறகு இன்னொரு நிலைமை உருவானது. அதுவரை நாளுக்குப் பத்துப் பேர் வந்த பதிவுக்கு, திரட்டியின் முகப்பில் தலைப்பு தெரிந்த ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் வரக்கூடும். பிளாக்கரில் எழுதியவர்களுக்குக் கவலையில்லை. பகிர்வு வழங்கியில் வேர்ட்பிரஸ் வைத்திருந்தவருக்கு, சரியாக வாசகர் வரும் நேரத்தில் தளம் படுத்துவிடும். எர்லாங்கின் கணக்கு அங்கேயும் வேலை செய்தது.

நெரிசலைத் தேடும் முறை

வழங்கியை மாற்றுவதற்கு முன் நேரம் எங்கே போகிறது என்று அளப்பது அவசியம். ஜீன் ஆம்டால் 1967-ல் சொன்ன விதி இதற்கு உதவும். ஒரு பக்கம் வர 10 நொடி ஆகிறது. அதில் தரவுத்தளத்துக்கு 1 நொடி, பி.எச்.பி.க்கு 1 நொடி, படங்கள் இறங்க 8 நொடி என்று கொள்வோம். இரட்டை வேக வழங்கிக்கு மாறினால் மிச்சமாவது 1 நொடி மட்டுமே. அதே வழங்கியில் படங்களின் அளவைப் பாதியாகக் குறைத்தால் 4 நொடி மிச்சம். முதலாவதற்கு மாதாமாதம் பணம். இரண்டாவதற்கு ஒரு மாலை நேர வேலை.

அளப்பது கடினமல்ல. முதலில், தளத்தில் ஒரு சிறிய வெற்று எச்.டி.எம்.எல். கோப்பை வைத்துத் திறந்து பார்க்க வேண்டும். அதுவே மெதுவாக வந்தால் குறை வழங்கியிலோ இணைப்பிலோ இருக்கிறது. அது உடனே வந்தால், இரண்டாவதாக, தரவுத்தளத்தைத் தொடாத ஒரு பி.எச்.பி. கோப்பைத் திறக்க வேண்டும். அதுவும் வேகமாக வந்தால் குறை தரவுத்தளத்திலோ, நீட்சிகளிலோ, வார்ப்புருவிலோதான். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் அகப்பட்டுவிடும். உலாவியில் பக்கத்தின் முதல் பைட்டு சீக்கிரம் வந்து, மீதி மெதுவாக வந்தால் குறை படங்களிலும் வெளித்தளங்களிலிருந்து இழுக்கப்படும் நிரல்களிலும் இருக்கிறது.

தூரமும் ஒரு காரணம். அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் வழங்கி தமிழ்நாட்டிலிருந்து சுமார் 15,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 30,000 கிலோமீட்டர் என்றால், எதுவுமே செய்யாமல் 0.15 நொடி ஆகும். ஒரு புதிய இணைப்பில் முதல் பைட்டு வருவதற்கு முன் மூன்று நான்கு முறை இப்படிப் போய்வர வேண்டும். இதை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. வழங்கியைப் பக்கத்தில் வைத்தால்தான் குறையும்.

பழைய காரணங்கள் சில இப்போது மறைந்துவிட்டன. ஒருவர் மறுமொழி எழுதும்போது அந்த அட்டவணையையே பூட்டி மற்றவர்களைக் காக்கவைத்த மை ஐசாம் முறைக்குப் பதிலாக, 2010-ல் மை எஸ்.கியூ.எல். 5.5 பதிப்பில் இன்னோ டி.பி. இயல்பானதாக ஆனது. பி.எச்.பி. நிரலை ஒவ்வொரு முறையும் மொழிபெயர்க்கும் வீண்வேலையை 2013-ல் பி.எச்.பி. 5.5 குறைத்தது. 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7 வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. பக்கத்துத் தளம் எல்லாவற்றையும் விழுங்காமல் ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு போடும் கிளவுட் லினக்ஸ் 2010-ல் வந்தது. இப்போது அண்டை வீட்டாரால் வரும் தொல்லை குறைந்து, சொந்த வரம்பைத் தாண்டினால் 508 என்ற பிழை எண் வருகிறது. அதாவது, குற்றம் நம்முடையதா அடுத்தவருடையதா என்று இப்போது தெரிந்துகொள்ள முடிகிறது.

மலையின் இரு புறமும் ஒரே அரங்கு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஏலக்காய் ஏலமும் நின்றது. மே இறுதியில் மீண்டும் தொடங்கியபோது மாநில எல்லையைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. காய் பெரும்பாலும் கேரளத்தில். வியாபாரிகள் பலர் தமிழ்நாட்டில். 2021-ல் போடி, புத்தடி இரண்டு மையங்களையும் மேகக் கணிமை வழியாக இணைத்து, எந்த மையத்தில் இருந்தபடியும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் முறையை வாரியம் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் பயணம் ஏலத்துக்கு அவசியமில்லாமல் போனது. வியாபாரியின் நேரம் அதிகம் போனது எங்கே என்று பார்த்தால், அது மலைச்சாலையில்தான். அந்த இடத்தில் செய்த மாற்றம் என்பதால் இதன் பயன் பெரியது.

இங்கே புதிய கேள்வியும் வருகிறது. ஒரே அரங்கில் இருந்தபோது எல்லோருக்கும் ஒரே தூரம். இரண்டு ஊர்களிலிருந்து ஒரே வழங்கியை அணுகும்போது, ஒரு பக்க இணைப்பு தடுமாறினால் அந்தப் பக்க வியாபாரியின் விலை பின்தங்கும். விலை என்பது கணத்துக்குக் கணம் மாறுவதால் அதைக் கேஷில் எடுத்து வைக்கவும் முடியாது. ஒரு வலைப்பதிவு மூன்று நொடி தாமதித்தால் வாசகர் சலித்துக்கொள்வார். ஏலம் மூன்று நொடி தாமதித்தால், மலைமேல் காயைப் பறித்துக் காயவைத்த விவசாயிக்கு ஒரு நல்ல விலை தவறிப்போகும்.

ரோப்வே காலத்தில் பெட்டிகள் குவிந்த இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். கணினியில் குவியல் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அளவுகோல் தேவைப்படுகிறது. தளம் மெதுவாகிவிட்டது என்று புலம்புபவர், பணப்பையை எடுப்பதற்கு முன் அந்த வெற்று எச்.டி.எம்.எல். கோப்பை ஒருமுறை வைத்துப் பார்த்தால், பாதிப் பேருக்காவது செலவில்லாமலே விடை கிடைத்துவிடும்.